மாமாவின் மீசையும் இரண்டாம் பக்கமும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சிறப்பாசிரியர்கள் ஐந்து பேரும் சேர்ந்து, முதல் காரியமாக லேமினேஷன் மெஷின் ஒன்று கேட்டு எழுதியிருக்கிறீர்களாம். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கும் செய்தி வந்துவிட்டது. நம் ஊரில் எது ஒளிந்திருக்கிறது? மெஷின் வரட்டும், சந்தோஷம். எழுத்து அட்டை, எண் அட்டை எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கிக்கொள்ளுங்கள். சமூகக் கதைகளை மட்டும் அதற்குள் விடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சமூகக் கதை என்றால் என்ன என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஒரு குழந்தைக்குப் புரியாத, பயமான ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன நடக்கும், மற்றவர்கள் என்ன செய்வார்கள், தான் என்ன செய்யலாம் என்பதை அந்தக் குழந்தையே சொல்வதுபோல் எழுதிக் கொடுக்கிறோம். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு வரி. அவ்வளவுதான். பார்த்தால் பத்து நிமிட வேலை. நானும் அப்படித்தான் நினைத்து இறங்கினேன்.

என் முதல் கதையின் லட்சணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காலை வழிபாட்டில் பக்கத்தில் நிற்பவனைத் தள்ளுகிற ஒரு பையனுக்காக எழுதினேன். தள்ளக் கூடாது, கிள்ளக் கூடாது, சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் படம் வேறு வரைந்திருந்தேன். அவனுக்குப் படங்கள் ரொம்பப் பிடித்துப்போயின. அதுவரை தள்ள மட்டுமே தெரிந்தவன், வெள்ளிக்கிழமைக்குள் புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் வரிசை மாறாமல் செய்து முடித்தான். தலைமையாசிரியர் புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, “டீச்சர், தயவுசெஞ்சு ரெண்டாம் பாகம் மட்டும் எழுதிடாதீங்க” என்றார். இருபது நாள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஓரளவு எழுதத் தெரிந்துவிட்டது. ‘கூடாது’ குறைந்து ‘செய்யலாம்’ வந்தது. இனி எனக்குத் தப்பு வராது என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹரிணியின் காதுகுத்து வந்தது.

ஆவுடையார்கோவிலிலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி நேரம் போகிற ஒரு ஊரில், இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள் ஹரிணி. ஆட்டிசம் உள்ள குழந்தை. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல். ஆனால் கண் இருக்கிறதே, அதற்கு எதுவும் தப்பாது. நான் ஒருநாள் கண்ணாடி மாற்றிக்கொண்டு போனேன். பழைய கண்ணாடியை என் பையிலிருந்து தேடி எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் பாடத்துக்கு உட்கார்ந்தாள்.

அவளுக்கு மூன்று வயதில் ஒருமுறை காது குத்தப் போயிருக்கிறார்கள். குலசாமி கோவிலில் வேட்டுச் சத்தம், குலவைச் சத்தம், சுற்றிலும் ஆட்கள். ஒன்றும் புரியாத குழந்தையைத் தாய்மாமன் மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவள் மாமாவின் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியிருக்கிறாள். கண்மாய்க் கரையில் போய்த்தான் பிடித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்செல்லாம் அவளுடைய அம்மா கலாவின் தலையில்தான் விழுந்தது.

நான்கு வருடம் கழித்து, குவைத்தில் வேலை பார்க்கும் அந்த மாமா ஒரு மாத லீவில் வந்தார். மறுபடி தேதி வைத்தார்கள். கலா என்னைத் தேடி நான் வேலை பார்த்த வட்டார வள மையத்துக்கே வந்துவிட்டாள்.

“காது குத்தித்தான் ஆகணுமா கலா? அவளுக்கு வேணாம்னா விட்டுறலாமே” என்று கேட்டேன்.

“அவளுக்கு வேணும் டீச்சர். என் தோட்டைக் கழட்டி வச்சா எடுத்துக் காதுல வச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கிறா. குத்துறதுக்குத்தான் வழி தெரியல” என்றாள். பிறகு, “காது மட்டும் இல்லங்க. நாலு வருசமா நான் எந்த விசேசத்துக்கும் போறதில்ல. இவளை விட்டுட்டுப் போனா மனசு கேக்கல, கூட்டிக்கிட்டுப் போனா பேச்சுக் கேக்க முடியல. இந்தத் தடவையும் ஓடுனா, இனிமே இவளை எங்கிட்டும் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன். வீட்டோட வச்சுக்கிருவேன்” என்றாள்.

அவள் அழவில்லை. கணக்காக முடிவெடுத்து வைத்திருந்தாள். அது எனக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது. ஒரு காதுகுத்துக்குள் ஒரு குழந்தையின் வெளியுலகம் முழுவதையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போய் வேலையை ஆரம்பித்தேன். ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் ஹரிணியின் போட்டோ. இரண்டாம் பக்கத்தில் மாமா. மாமாவுக்கு ஒரு மீசை உண்டு. மீசைக்குப் பின்னால்தான் மாமாவே இருப்பார், அப்படிப்பட்ட மீசை. ஹரிணிக்கு அதைப் பிடித்து இழுப்பதில் அவ்வளவு ஆனந்தம். “இது என் மாமா. மாமாவுக்குப் பெரிய மீசை இருக்கிறது” என்று எழுதினேன்.

மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “டீச்சர், இந்தத் தழும்பையும் போட்டுருங்க. தெனம் அதைத்தான் தடவிப் பாக்குறா” என்று வலது கையை நீட்டினார். கட்டை விரலுக்குக் கீழே அரை வட்டமாகப் பல் பதிந்த தடம். கலாவுக்கு முகம் சுண்டிப்போனது. “அது எதுக்குண்ணே, விடு” என்றாள். “எப்படி வந்துச்சுன்னா எழுதச் சொல்றேன்? இருக்குன்னுதான எழுதச் சொல்றேன்” என்றார். எனக்கும் அது தேவையில்லை என்றே பட்டது. வந்தவர் மனம் கோணக் கூடாது என்று மாமாவின் கையைப் போட்டோ எடுத்து, மீசைக்குக் கீழே ஒட்டினேன்.

அடுத்த சண்டை ஐந்தாம் பக்கத்தில். “ஆசாரி என் காதில் குத்துவார். அப்போது வலிக்கும். கொஞ்ச நேரத்தில் வலி குறையும்” என்று எழுதியிருந்தேன். கலாவின் நாத்தனார், அதாவது ஹரிணியின் அத்தை, விசேஷ வேலைக்காக முன்னாலேயே வந்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் படுகெட்டி. “வலிக்கும்னு எழுதிக் கொடுத்தா எந்தப் புள்ள காதைக் காட்டும்? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு எழுதுங்க” என்றார். “குத்தின பிறகு அவளுக்கே தெரிஞ்சிருமே. அப்புறம் மிச்ச எட்டுப் பக்கத்தையும் எப்படி நம்புவா?” என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நான் மாற்றவில்லை.

ஆறாம் பக்கம்தான் முக்கியம். ஹரிணி உள்ளங்கையைக் காட்டுகிற போட்டோ. “எனக்கு நிறுத்த வேண்டும் என்றால் கையைக் காட்டலாம். நான் கையைக் காட்டினால் எல்லோரும் நிறுத்துவார்கள்.” ஏழாம் பக்கத்தில் இரண்டாவது காது. எட்டில் சாப்பாடு. ஒன்பதில் கண்ணாடி முன்னால் இரண்டு தோடும் போட்டுக்கொண்டு நிற்கிற ஹரிணி. தோட்டை மட்டும் நான் பேனாவால் வரைந்திருந்தேன்.

எல்லாவற்றையும் லேமினேட் செய்யத்தான் நினைத்தேன். அந்த வாரம் ஜெராக்ஸ் கடையில் மெஷின் கெட்டுக்கிடந்தது. வேறு வழியில்லாமல் ஓட்டை போட்டு, ஆபீஸ் ஃபைலில் போடுகிற டேக் கயிற்றில் கோத்துக் கொடுத்தேன். அசிங்கமாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டேன். நினைத்த நேரத்தில் ஒரு பக்கத்தைச் சேர்க்கவும் எடுக்கவும் முடியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பள்ளி விட்டதும் தினம் ஒத்திகை. அவர்கள் வீட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமா உட்காருவார். ஹரிணி புத்தகத்தோடு வந்து மடியில் ஏறுவாள். நான்தான் ஆசாரி; பென்சில்தான் ஊசி. பென்சில் காதைத் தொடுவதற்குள் அவள் கையைக் காட்டுவாள். நான் சட்டென்று நிறுத்துவேன். அவள் கலகலவென்று சிரிப்பாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை நிறுத்தச் சொல்வாள், முப்பது தடவையும் நிறுத்துவோம். இவ்வளவு பெரிய அதிகாரம் அவளுக்கு அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

விசேஷத்தன்று வேட்டு வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். மைக் செட் குழாயைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக் கட்டச் செய்தேன். குலவை போடுகிறவர்களிடம் குத்தி முடித்த பிறகு போடுங்கள் என்று கெஞ்சி வைத்தேன். கோவில் வேப்பமரத்தடியில் அதே பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் கச்சிதம். என் தலைக்கனம் அன்றைக்கு இறங்க இடமில்லாமல் மேலே நின்றுகொண்டிருந்தது.

மாமா வந்தார். மொட்டை. தலை முழுக்கச் சந்தனம். மீசை இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை.

“என்னங்க இது!” என்று கத்தியே விட்டேன்.

“நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கிட்டேன் டீச்சர். காலையில அஞ்சு மணிக்கே எடுத்தாச்சு” என்றார் பெருமையாக.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? சாமிக்கு முடி கொடுக்காத காதுகுத்து நம் பக்கத்தில் உண்டா? நானே எத்தனை காதுகுத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைக்கு முதல் மொட்டை முன்பே போட்டாகிவிட்டது என்றதும் அந்தப் பக்கமே நான் யோசிக்கவில்லை. மாமாவுக்கும் ஒரு தலை இருக்கிறது, அதில் ஒரு வேண்டுதல் இருக்கலாம் என்று கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

ஹரிணி பட்டுப்பாவாடையில் புத்தகத்தோடு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதில் இருந்த ஆளைப் பார்த்தாள். புத்தகத்தைத் திறந்து இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி ஆளைப் பார்த்தாள். “மாமா இல்ல” என்றாள்.

“மாமாதான்டி ஆத்தா” என்று மாமா கையை நீட்டினார். அவள் இரண்டடி பின்னால் போனாள். “மாமா எங்க?” என்று குரல் உயர்ந்தது. ஓடுவதற்கு முன்னால் அவள் குதிகால் தரையிலிருந்து எழும்பும், எழும்பிவிட்டது. கலா கண்மாய்க் கரைக்குப் போகிற பாதையை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த நேரத்தில் நாத்தனார் ஓடிவந்தார், கையில் கண்மை டப்பா. “இங்கிட்டுத் திரும்புங்க, மீசையை வரைஞ்சுவிட்டுர்றேன்” என்று மாமாவின் தாடையைப் பிடித்துவிட்டார். பாவம், மாமாவும் முகத்தைக் கொடுத்தார். ஒரு பக்கம் வரைந்தும் ஆகிவிட்டது. சந்தன மொட்டையும் அரை மீசையுமாக அவரைப் பார்த்த ஹரிணி, இது நிச்சயமாக மாமா இல்லை என்று முடிவுகட்டி வீறிட்டாள்.

“அழிங்க!” என்றேன். “பொய் மீசை வேணாம். அழிங்க முதல்ல!”

பந்திப் பக்கம் கிடந்த ஒரு காதுகுத்து அழைப்புப் பத்திரிகையை எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, இரண்டு முகம் வரைந்தேன். எனக்குப் படம் வராது, இரண்டும் பூசணிக்காய். ஒன்றுக்கு முடி, மீசை. ஒன்றுக்கு இல்லை. நடுவில் ஓர் அம்பு. கீழே எழுதினேன்: “மாமா சாமிக்கு முடியும் மீசையும் கொடுத்தார். இப்போது மாமா இப்படி இருக்கிறார். மீசை மறுபடியும் வளரும்.” பேனாவாலேயே இரண்டு ஓட்டை போட்டு, டேக் கயிற்றை அவிழ்த்து, இரண்டாம் பக்கத்துக்கு அடுத்துக் கோத்து, சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அவள் வீறிடுவதை நிறுத்தினாள். புதுப் பக்கத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், அந்தப் பார்வையில் அவ்வளவு மரியாதை இல்லை. பிறகு தானே ஒரு பக்கம் பின்னால் திருப்பினாள். மீசைக்குக் கீழே இருந்த கையின் போட்டோவில் விரலை வைத்தாள். மாமாவிடம் போய், வலது கையை எடுத்துத் திருப்பினாள். அந்த அரை வட்டத் தடத்தைத் தடவினாள். ஒருமுறை, இரண்டுமுறை.

“மாமா” என்றாள். மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

மாமா அழுதுவிட்டார். வேண்டாத படம் என்று நான் நினைத்தது அது. கலா மறைக்கச் சொன்னது. குழந்தைக்கு எது முக்கியம் என்பது அந்தக் குழந்தையின் விரல் போகிற இடத்தில்தான் தெரியும். அதைப் பார்க்காமல் நான் மீசையை நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆசாரி வலது காதில் குத்தினார். ஹரிணி “ஆ!” என்று கத்தினாள். தோடு ஏறியது. ஆசாரி இடது காதுக்கு வந்தார். அவள் கையைக் காட்டினாள்.

உள்ளங்கையை விரித்து, ஆறாம் பக்கத்துப் போட்டோவில் இருப்பதுபோல் அப்படியே காட்டினாள். சுற்றிலும் ஒரே கூச்சல். “பிடிச்சுக்கங்கப்பா, ஒரு செகண்ட்தான்!” “கண்ணைப் பொத்துங்க!” “ஒத்தக் காதோட விடவா போறீங்க?” இப்போது நான் சொல்லப் போவதைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். என் வாயும் திறந்தது. “ஒரு நிமிஷந்தான், லேசாப் பிடிச்சுக்க...” வரைக்கும் வந்துவிட்டது. ஆறாம் பக்கத்தை எழுதியவள் நான். முப்பது தடவை நிறுத்திக் காட்டியவள் நான். நல்லபடியாக முடிந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாம் மறந்துபோனது.

நிறுத்தியது மாமா. ஆசாரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “கையைக் காட்டிட்டா. நிறுத்துங்க” என்றார்.

“பாதியில எந்திரிக்கிறது சரியில்லைங்க” என்றார் ஆசாரி.

எல்லோரும் கலாவைப் பார்த்தார்கள். இதில் எல்லாவற்றையும் பணயம் வைத்தவள் அவள்தான். மகளை எழவிட்டால் நான்கு வருடப் பேச்சு இன்னும் நாற்பது வருடம் தொடரும். பிடித்து அமுக்கினால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். கலா என்னைப் பார்த்தாள், மகளின் கையைப் பார்த்தாள். “நிறுத்துவோம்னு எழுதிக் கொடுத்திருக்கோம்ல. அவ எந்திரிக்கட்டும்” என்றாள்.

ஹரிணி இறங்கினாள். ஓடவில்லை. எட்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நேராகப் பந்திக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தாள். அவள் புத்தகப்படி காதுக்குப் பிறகு சாப்பாடு. அதில் என்ன தப்பு? ஒற்றைத் தோட்டோடு உட்கார்ந்து இரண்டு அப்பளம், ஒரு கிண்ணம் பாயசம். அத்தை முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது அப்பளத்தையும் வைத்தார். ஆசாரிக்குத் திருமயத்தில் இன்னொரு வேலை இருந்தது. வாட்சைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கலா சாப்பிடவில்லை. நானும்தான்.

கை கழுவிவிட்டு ஹரிணி கோவில் வாசலில் நின்ற வேனின் சைடு கண்ணாடியில் முகம் பார்த்தாள். வலது பக்கம் திருப்பினாள், தோடு மின்னியது. இடது பக்கம் திருப்பினாள், ஒன்றுமில்லை. மறுபடி வலது, மறுபடி இடது. ஆசாரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தைத் திறந்து, ஏழாம் பக்கத்தை எடுத்து, அவர் கையில் கொண்டுபோய் வைத்தாள்.

“இது” என்றாள்.

ஆசாரி அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். செருப்பைக் கழற்றினார். “வாங்க ஆத்தா” என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

மாமாவின் மடி, இடது காது. அழுதாள், நன்றாகவே அழுதாள். அழக் கூடாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கையை மட்டும் காட்டவில்லை. குலவை போட ஆரம்பித்தார்கள். அவள் காதைப் பொத்தப் போய், புதுத் தோட்டில் பட்டு வலித்து, பொத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக இருந்தன. அதுவரை சமூகக் கதை என்பது குழந்தையை நல்லபடியாக நடக்க வைக்க நாம் எழுதுவது என்று நினைத்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் நாம் நடந்துகொள்ள வேண்டியதாக இருக்கிறது. நிறுத்துவோம் என்று எழுதினால், கூட்டமே கத்தினாலும் நிறுத்த வேண்டும். முடியாது என்றால் எழுதாதீர்கள்.

எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். “மீசை மறுபடியும் வளரும்” என்று அவசரத்தில் ஒரு வரி எழுதினேன் அல்லவா, அதை ஹரிணி விடவில்லை. மாமா குவைத் போன பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மாமா மூக்குக்குக் கீழே கேமராவை வைத்துக் காட்ட வேண்டும். மெஸ்ஸில் கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள் என்று எனக்கே போன் போட்டுப் புலம்பினார். “எழுதினது நீங்க, மாட்டிக்கிட்டது நான்” என்றார்.

சில மாதம் கழித்து, நாத்தனார் மகளின் வளைகாப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மண்டப வாசலில் கலா நின்றுகொண்டிருந்தாள், கூட்டத்தின் நட்டநடுவே, நான்கு பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு. பக்கத்தில் ஹரிணி, இரண்டு காதிலும் ஜிமிக்கி. என்னைப் பார்த்ததும் வந்தாள். கையில் அந்தப் புத்தகம், ஓரமெல்லாம் மடங்கிப்போய்.

“நேத்து வீடியோ கால்ல அண்ணன் மீசையை முறுக்கிக் காட்டுச்சுங்க. அப்ப இருந்து ஒங்களைத்தான் தேடுறா” என்றாள் கலா.

ஹரிணி டேக் கயிற்றை மெதுவாக அவிழ்த்தாள். இரண்டு பூசணிக்காய் வரைந்த அந்தப் பத்திரிகைத் தாளை மட்டும் உருவி எடுத்தாள். மிச்சப் பக்கங்களைச் சரியாகக் கோத்து முடிச்சுப் போட்டாள். தாளை என் கையில் வைத்து, “வளந்துருச்சு” என்றாள்.